சுவையும் வேண்டும், எடையும் குறைய வேண்டும்

எடைக் குறைப்பு குறித்து வெளிவரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, உணவின்மீது அவ்வளவாக நாட்டமில்லாதவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை போலவே தோன்றும். இனிப்பை விட்டுவிட வேண்டும், பொரித்ததைத் தொடக் கூடாது, இரவில் பழம் மட்டும் போதும் என்று அவை எளிதாகச் சொல்லிவிடுகின்றன. காலையில் எழுந்ததும் இன்றைய சிற்றுண்டி என்ன என்று ஆவலோடு எண்ணுபவருக்கும், புதிய ஊருக்குச் சென்றால் கோட்டையையும் கோயிலையும் பார்ப்பதற்கு முன்பாக அவ்வூரின் பெயர்பெற்ற உணவுக்கடையைத் தேடுபவருக்கும் இந்த அறிவுரை எத்தனை நாள் பயன்படும்? பத்து நாள், மிஞ்சினால் மூன்று வாரம். அதன்பின் கைவிட்ட உணவு இருமடங்கு ஆவலோடு திரும்பி வருகிறது. குறைந்த எடையும் கூடவே திரும்புகிறது. நமக்கு மன உறுதி போதாது என்ற தாழ்வெண்ணம் மட்டும் புதிதாக வந்து சேர்கிறது.

உணவை நேசிப்பவர்களாலும் எடையைக் குறைக்க முடியும். குறைத்த எடையைக் காக்கவும் முடியும். ஆனால் அதற்கான வழி, நாவைப் பகைத்துக்கொள்ளும் வழியன்று. நாம் உண்மையாக விரும்பும் உணவுக்கு இடம் வைத்துவிட்டு, விரும்பாமலே உண்பவற்றைக் குறைக்கும் வழி அது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

எதற்காகக் குறைக்க வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1,13,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர்.

இதில் இந்தியர்களாகிய நாம் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரோடு ஒப்பிட்டால், நம் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். அதிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு அதிகம். ஆகவேதான் நம்மவர்க்குரிய அளவுகளைச் சற்றுக் கீழே வைத்திருக்கிறார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் பி.எம்.ஐ. எண் 23-ஐ எட்டினால் அதிக எடை. 25-ஐ எட்டினால் உடல் பருமன். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இவை முறையே சுமார் 63 கிலோவும் 68 கிலோவும் ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதைத் தாண்டாதிருப்பது நலம்.

அளவு கடந்த எடை இவ்வெல்லைக்குள் வந்தே தீர வேண்டும் என்று எண்ணித் தொடக்கத்திலேயே மலைத்துப்போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவுகள் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பங்கேற்றோருக்கு விதித்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு செய்வதும் மட்டுமே. அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ. எட்டக்கூடிய தொலைவுதான்.

எனினும், புள்ளிவிவரங்களைப் படித்து எவரும் நெடுநாள் ஊக்கம் பெறுவதில்லை. காரணம் நம்முடையதாக இருக்க வேண்டும். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும், முழங்கால் வலியின்றி யாத்திரை செல்ல வேண்டும் என்பன போன்றவை நல்ல காரணங்களே. உணவை நேசிப்பவருக்கோ இவற்றினும் வலிமையான காரணம் ஒன்று உண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் வந்தபின் நம் உணவைத் தீர்மானிப்பது நாமல்ல, மருந்துச் சீட்டுதான். இனிப்பில் தொடங்கி உப்பு, ஊறுகாய், பழம், பருப்பு என ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விடைபெறும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். நாம் விரும்பும் உணவை எழுபது வயதிலும் மகிழ்ச்சியோடு உண்ண வேண்டுமானால் நாற்பதில் அதன் அளவைக் குறைக்க வேண்டும். இப்படிப் பார்த்தால், உணவின்மீதுள்ள விருப்பமே எடைக் குறைப்புக்குத் தூண்டுகோலாகிறது.

உறுதி ஏன் தளர்கிறது?

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் அரைப் பட்டினியில் இருந்தனர். எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் அவர்களுடைய மனத்தில் நிகழ்ந்ததே அச்சோதனையை இன்றும் பேச வைக்கிறது. நாள் முழுவதும் அவர்கள் உணவைப் பற்றியே பேசினர். உணவைக் கனவு கண்டனர். சமையற் குறிப்பு நூல்களைக் கதைப் புத்தகம்போல் படித்தனர். உண்டு முடித்த தட்டை நக்கினர். சோதனை முடிந்து போதிய உணவு கிடைத்த பிறகும் பலருக்கு நெடுநாள் நிறைவு ஏற்படவில்லை.

சாதாரண மனிதர்களையே கடும் பட்டினி இவ்வாறு ஆக்குமானால், இயல்பாகவே உணவில் நாட்டமுள்ளவர் திடீரென்று பாதி உணவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினி, உணவு ஆசையை அடக்குவதில்லை, வளர்க்கிறது.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. உடலில் போதிய கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-இலும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999-இலும் கண்டறியப்பட்டன. எடை குறையும்போது லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், விரைவாக எடை குறைத்தவர்களிடம் இம்மாற்றங்கள் ஓராண்டு கழித்தும் நீங்காதிருந்தது தெரியவந்தது. பஞ்சத்தைக் கடந்து வந்த உடல், இழந்ததை மீட்கத் தன் கடமையைச் செய்கிறது. ஆதலால் உறுதி தளர்வதை ஒழுக்கக் குறைவாகக் கருதித் தம்மைத் தாமே நொந்துகொள்வதில் பொருளில்லை. உடல் பெரிதும் எதிர்க்காத அளவில் சிறிது சிறிதாகக் குறைப்பதே பொருத்தம். மாதத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிலோ குறைந்தால் அது நல்ல வேகமே.

விரும்பி உண்பதும் வெறுமனே உண்பதும்

நாம் ஒரு நாளில் உண்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். நினைத்தாலே நாவூறுபவை ஒருவகை. இந்தூரின் காலை நேர அவலும் ஜிலேபியும், குளிர்காலத்துக் கல்கத்தாவில் புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ், ஹைதராபாத் பிரியாணி, வீட்டில் அம்மா வார்க்கும் நெய்த் தோசை என அவரவர்க்கு ஒரு பட்டியல் உண்டு. இவற்றை நாம் காத்திருந்து, நினைவில் வைத்து உண்கிறோம்.

மற்றொரு வகையை நாம் கவனிப்பதே இல்லை. அலுவலகத்தில் பதினொரு மணிக்குத் தேநீரோடு வரும் பிஸ்கட், கூட்டம் நடக்கும்போது தட்டில் ஆறிக் கிடக்கும் சமோசா, தொலைக்காட்சியின் முன் கை தானாகவே அள்ளும் மிக்சர், குழந்தை பாதியில் விட்டுச் சென்ற பூரி, இரவு குளிர்பதனப் பெட்டியைத் திறந்தபோது கண்ணில் பட்ட ஏதோ ஒன்று. இவற்றில் எதை நினைத்தும் நமக்கு நாவூறியதில்லை. எதிரே இருந்ததால் உண்டோம், அவ்வளவே.

சிறிய கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். அதில் 20 கலோரி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு முறை தேநீர் அருந்துபவருக்குச் சர்க்கரை மட்டும் 160 கலோரி. நான்கு க்ரீம் பிஸ்கட் சுமார் 200 கலோரி. ஒரு கைப்பிடி மிக்சர் சுமார் 150 கலோரி. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை குறையக்கூடும். அதாவது, பிரியாணியையும் சந்தேஷையும் தொடாமலே, விருப்பமின்றி உண்டவற்றில் கைவைத்தாலே எடைக் குறைப்பின் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

கணக்கு அறிக்கையைப் புரட்டிப் பார்க்கும்போது, பெரிய செலவுகள் எல்லாம் நமக்கு நினைவிருக்கும். கையிருப்பைக் கரைத்தவை எவை என்று பார்த்தால், நினைவிலேயே இல்லாத சிறு சிறு பற்றுகளாக இருக்கும். உணவிலும் அப்படித்தான். ஆகவே முதல் ஏழு நாட்களுக்கு எதையும் குறைக்க வேண்டாம். எழுதிப் பார்த்தால் போதும். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள்: என்ன உண்டோம், எங்கே எப்போது உண்டோம், எவ்வளவு ரசித்தோம். மூன்றாவது பத்தியில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடலாம். பசிக்கு உண்ணும் மூன்று வேளை உணவைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றவற்றுள் ஒன்றும் இரண்டும் பெற்றவற்றை அடுத்த வாரம் நீக்கலாம். ஐந்து பெற்றவை இருக்கட்டும். அவற்றின் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரையும் எண்ணெயும்

எடுத்த எடுப்பிலேயே சர்க்கரையில்லாத தேநீர் பலருக்குக் கசக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் கரண்டி வீதம் குறைத்துப் பார்த்தால் நாக்கு இணங்கிவிடுகிறது. சில மாதங்களில் பழைய இனிப்பே திகட்டத் தொடங்கும். சேர்க்கப்படும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்ளும், இயன்றால் 5 சதவீதத்துக்குள்ளும் நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 5 சதவீதம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம்; ஐந்து தேக்கரண்டி. இதில் தேநீருக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் இனிப்புக்கு மீதமேது?

எண்ணெய்க்கு வீட்டுக் கணக்கு எளிது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம், எத்தனை பேர் உண்கிறோம் என்பது தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் ஆகிறதென்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 கிராம். கலோரிக் கணக்கில் 340-க்கு மேல். வெளியே உண்பது இதில் சேரவில்லை. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருப்பதே எண்ணெய்க்கு இத்தனை கவனம் தரக் காரணம்.

இங்கும் அதே விதியைப் பின்பற்றலாம். அன்றாடப் பொரியலுக்கு மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றுவதால் அது மூன்று மடங்கு சுவையாகிவிடுவதில்லை. குப்பியிலிருந்து நேராகச் சட்டியில் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினால், அன்றாடச் சமையலில் கணிசமாக மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஞாயிற்றுக்கிழமை பூரியை மனநிறைவோடு உண்ணலாம்.

முதல் சில கவளங்களின் சுவை

ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள விருப்பம் படிப்படியாகக் குறைகிறது. வேறு சுவையுள்ள உணவு வந்ததும் விருப்பம் மீண்டும் தலைதூக்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. வயிறு நிறைய உண்ட பின்னும் பாயசத்துக்கு மட்டும் இடம் இருப்பது எப்படி என்று நாம் வியப்பதற்கான விடை இதுவே.

இதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. முதலாவது, குலாப் ஜாமூனின் முழுச் சுவையும் முதல் ஒன்றிலேயே கிடைத்துவிடுகிறது. நான்காவது தருவது கலோரியை மட்டுமே. எனவே சிறந்த கடையில் வாங்கிய ஒன்றை, அமர்ந்து, மெல்ல உண்பது நான்கை நின்றவாறு விழுங்குவதினும் மேலான இன்பம். இரண்டாவது, வகைகள் பெருகப் பெருக நாம் உண்ணும் அளவும் பெருகும். ஐம்பது வகை அடுக்கிய பஃபே விருந்தில் எல்லோரும் அளவு மீறுவது இதனால்தான். ஆகவே காய்கறிகளில் வகையைக் கூட்டலாம். இனிப்பிலும் பொரித்தவற்றிலும் வகையைக் குறைக்கலாம்.

உண்ணும் வேகமும் கவனிக்கத்தக்கது. வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், 20 பேர் இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் இயல்பான உணவையும் வேண்டிய மட்டும் உண்டனர். பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உட்கொண்டனர். வேகமாகவும் உண்டனர். மென்மையான, மெல்ல வேண்டாத உணவு பசி அடங்குவதற்குள் உள்ளே சென்றுவிடுகிறது.

தட்டில் பரிமாறும் முறையையும் சற்று மாற்றலாம். தட்டில் பாதியைக் காய்கறிகள் நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் போன்ற புரதம். எஞ்சிய காலே சோறு அல்லது ரொட்டி. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்ற வரிசையில் உண்டால் குறைந்த சோற்றிலேயே நிறைவு கிடைக்கும். புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் தாங்கும். பசி அடங்கியவருக்குத்தான் மாலை நேரத்துப் பஜ்ஜிக் கடையைக் கடந்து செல்வது எளிது.

விருந்தும் பண்டிகையும்

உண்ணச் சொல்லி வற்புறுத்துவது நம் நாட்டில் அன்பின் அடையாளம். ராஜஸ்தானில் விருந்தினரை இவ்வாறு உபசரிப்பதற்கு 'மனுஹார்' என்ற தனிப்பெயரே வழங்குகிறது. இந்த அன்பை முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டியதில்லை. "சாம்பார் மிக நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் காய் மட்டும் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டும் உண்டு, கேட்டு வாங்கியதும் உண்டு. பரிமாறுபவரின் மனம் குளிர்ந்துவிடும்.

இத்தகைய தருணங்களுக்கு முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. "இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வேன்" என்று இடத்தையும் செயலையும் இணைத்துத் திட்டமிடுபவர்கள், பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிடத் தம் இலக்கை அடைவதில் முந்துகின்றனர் என்று பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. 'குறைவாக உண்பேன்' என்பது விருப்பம் மட்டுமே. 'திருமணப் பந்தியில் அமர்ந்தால் இரண்டாம் முறை சோற்றுக்கு இலையை நீட்ட மாட்டேன். பாயசம் ஒரு முறை வாங்கிக்கொள்வேன்' என்பதே திட்டம்.

பண்டிகை நாளில் உணவை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. தீபாவளி ஒரு நாள்தான். அதற்கு வரும் இனிப்புப் பெட்டிகளோ மூன்று வாரத்துக்கு வீட்டில் இருக்கின்றன. எடையைக் கூட்டுவது பண்டிகையன்று, இந்த மூன்று வாரமே. பெட்டிகளைத் திறந்ததும் வீட்டார் மிகவும் விரும்பும் இரண்டு வகைகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அன்றே பிறருக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும் மகிழ்ச்சியும் பண்டிகையைச் சேர்ந்ததே.

ஒரு நாள் தவறினால்

எடைக் குறைப்பு முயற்சிகள் பெரும்பாலும் ஒரு தவறால் முறிவதில்லை. அத்தவறுக்குப் பின் வரும் எண்ணத்தால் முறிகின்றன. 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகியோர் ஒரு சோதனை நடத்தினர். உணவைக் கட்டுப்படுத்துவோர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தனர். பிறகு ஐஸ்கிரீமை விரும்பிய அளவு உண்ணலாம் என்றனர். மில்க் ஷேக் அருந்தியவர்கள், அருந்தாதவர்களைவிட அதிகமான ஐஸ்கிரீமை உண்டனர். 'இன்றைய கட்டுப்பாடு கெட்டுவிட்டது. இனி என்ன' என்ற எண்ணத்தின் விளைவு அது.

தொடர் வைப்புக் கணக்கில் ஒரு மாதத் தவணை தவறினால் நாம் கணக்கையே முடித்துக்கொள்வதில்லை. அடுத்த மாதம் செலுத்துகிறோம். மதியம் அளவு மீறினால் இரவு உணவைப் பட்டினியால் ஈடுசெய்ய வேண்டாம். இரவு வழக்கமான அளவில் உண்டால் போதும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் இயல்பாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாக இருக்க, சிலருக்கு 254 நாட்கள் தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. மூன்று வாரத்தில் பழக்கம் படியவில்லையே என்று கலங்குவோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

எதைக் கொண்டு அளப்பது?

எடை பார்க்கும் கருவியில் நாள்தோறும் ஏறி இறங்குவது சிலருக்கு மனச்சோர்வைத் தரும். முந்தைய நாள் உண்ட உப்பு, உடலில் தங்கிய நீர், மலச்சிக்கல் ஆகியவற்றாலேயே ஒரு கிலோ கூடலாம், குறையலாம். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பார்த்துக் குறித்துவைத்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை அளவு நாடாவால் இடுப்பை அளக்கலாம். எடை நின்றுபோன மாதங்களிலும் இடுப்பு குறைவதுண்டு. சில மாதங்களில் எடை இறங்காமல் நின்றுவிடுவது எல்லோருக்கும் நேர்வதே. சிறுத்த உடலுக்குச் செலவும் குறைவு என்பதால் அந்நிலை வருகிறது.

எடை நின்றால் முயற்சி வீணாயிற்று என்று கொள்ள வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவை நெருங்கியிருந்தோருக்கு உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டன. மூன்றாண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாதபோதும் இப்பயன் கிடைத்தது. கருவி காட்டாத நன்மையும் உடலுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது.

நடைப்பயிற்சியைப் பற்றியும் தெளிவு வேண்டும். அரை மணி நேர விரைவு நடை ஏறக்குறைய 120 முதல் 150 கலோரியைச் செலவழிக்கும். ஒரு சமோசாவில் இருப்பது அதனினும் அதிகம். ஆகவே நடந்துவிட்டோம் என்பதற்காக உண்பது கணக்குக்கு ஒத்துவராது. ஆனால் குறைத்த எடையைக் காப்பதிலும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்குவதிலும், மனச்சோர்வை நீக்குவதிலும் நடை பெரிதும் உதவுகிறது. போதிய உறக்கமும் அப்படியே. உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது.

வீடு துணை நிற்க வேண்டும்

ஒருவர் மட்டும் வேறு உணவு உண்ணும் ஏற்பாடு நெடுநாள் நீடிப்பதில்லை. வீட்டிலுள்ள அனைவருக்கும் காய் கூடி, எண்ணெய் குறைந்தால் எவருக்கும் தனிமை உணர்வு வராது. வாங்காத மிக்சரை நள்ளிரவில் எவரும் தேட முடியாது; ஆதலால் மன உறுதி மிகவும் தேவைப்படும் இடம் சமையலறையன்று, மளிகைக் கடையே.

வீட்டில் சமைப்பவரின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெண்களே கடைசியாக உண்கிறார்கள். எஞ்சியதை வீணாக்க மனமின்றித் தம் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். உணவை வீணாக்கக் கூடாது என்பது உயர்ந்த பண்பு. ஆனால் தேவையில்லாமல் உடலில் சேரும் உணவும் வீண்தான். அடுத்த முறை அரைக் குவளை அரிசி குறைத்து வடிப்பதும், மிஞ்சியதை உடனே மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும், எல்லோரும் சேர்ந்தே உண்பதும் நல்ல தீர்வுகள்.

மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்களும், கருவுற்ற பெண்களும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகளாலும் எடை கூடுவதுண்டு. அதற்குரிய சிகிச்சையே முதலில் தேவை. பசியைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் இன்று நம் நாட்டிலும் கிடைக்கின்றன. தேவையுள்ளவருக்கு அவை உதவும். ஆனால் மருத்துவரின் கண்காணிப்பின்றி அவற்றை நாட வேண்டாம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதாக உறுதி கூறும் விளம்பரங்களை, குறுகிய காலத்தில் பணத்தை இருமடங்காக்குவதாகச் சொல்பவர்களைப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். மறைவாக மிகுதியாக உண்பதும், உண்டபின் குற்ற உணர்வால் வருந்துவதும் அடிக்கடி நேர்ந்தால் அது நோயாகவும் இருக்கலாம். மனநல மருத்துவர் உதவுவார்.

தொடங்குவோருக்கு

இவ்வளவையும் ஒரே நாளில் மேற்கொள்ள வேண்டியதில்லை. முதல் வாரம் குறிப்பேடு. இரண்டாம் வாரம் ஒன்றும் இரண்டும் மதிப்பெண் பெற்ற தின்பண்டங்களை விடுதல். மூன்றாம் வாரம் எண்ணெயை அளந்து ஊற்றுதல். நான்காம் வாரம் தட்டில் காய்க்குப் பாதி இடம். ஒன்று பழகிய பின் மற்றொன்று என்று செல்லலாம். இடையே, மிகவும் விரும்பும் உணவு ஒன்றை வாரத்தில் ஒரு நாளுக்கு உரியதாக்கி, அதைக் குற்ற உணர்வின்றி, கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, பிடித்தவர்களோடு அமர்ந்து உண்ண வேண்டும். அந்த நாளை எதிர்நோக்கும் மகிழ்ச்சி, மற்ற ஆறு நாட்களின் கட்டுப்பாட்டைத் தாங்கிக்கொள்ளும். உணவை நேசிப்பவர் அந்த நேசத்தை விடாமலே உடல்நலம் பெற முடியும் என்பது ஓரிரு மாதங்களில் அவரவர்க்கே விளங்கும்.